ஒற்றை ஆளோடு நிற்கும் லிஃப்ட் எந்தப் பக்கம் போகும்?

இந்தக் கதையை மட்டும் சொல்லிவிடாதே என்று நான் மேடையேறும்போதே மூன்று முறை கண்ணால் ஜாடை காட்டிய, எங்கள் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! இயந்திரவியல் மாலை வகுப்பை இமைபோல் காத்துவரும் ஆசிரியப் பெருமக்களே! எண்ணெய் படிந்த கையோடும் ஏக்கம் படிந்த நெஞ்சோடும் முதல் பாடம் படிக்க வந்திருக்கும் லிஃப்ட் தொழிலாளத் தோழர்களே! "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று கேட்டுக்கொண்டே துணைக்கு வந்து, முன்வரிசை முழுவதையும் பிடித்துவிட்ட தாய்மார்களே! மூன்றாவது வரிசையில் இப்போதே தலையைக் குனிந்துகொண்ட என் கணவரே! உங்கள் எல்லோரையும் இருகரம் கூப்பி வணங்குகிறேன்.

தலைவரே, மன்னிக்க வேண்டும். சொல்லத்தான் போகிறேன்.

முதலில் சபைக்கு ஒரு கேள்வி. ஐந்து மாடிக் கட்டடம். நடுவழியில் நின்றுவிட்டது லிஃப்ட். உள்ளே ஒரே ஒரு ஆள். பிரேக்கைத் தளர்த்தினால் அந்த லிஃப்ட் எந்தப் பக்கம் போகும்? "கீழதான்" என்கிறார் முன்வரிசை அம்மா. பின்வரிசை ஐயா ஒருவர் "ஆளே போய்ச் சேர்ந்துடுவான்" என்று வானத்தைக் காட்டுகிறார். ஐயா, அவ்வளவு உயரம் வேண்டாம், ஐந்தாவது மாடி போதும்! ஏனென்றால் அது மேலேதான் போகும்.

பதினாறு ஆண்டுகளாக லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கும் நான் அதைக் கண்ணால் கண்டவள், கையால் செய்தவள். ஆனால் எங்கள் நிறுவனம் புதிதாக ஒரு சட்டம் போட்டது. இயந்திரவியல் சான்றிதழ் இருந்தால்தான் இயந்திர அறைக்குள் காலை வைக்கலாமாம். அதற்கான தேர்வை மூன்று முறை எழுதலாம்; அதுவரை பழையபடி வேலை பார்க்கலாம். மூன்றிலும் தோற்றால், லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் "எத்தனாவது மாடி?" என்று கேட்கும் வேலை. அந்த ஸ்டூலில் நான் உட்காருவதா?

படித்தேன். விழுந்து விழுந்து படித்தேன். தையற்காரரான என் கணவர்தான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பார். "வெளிவிசை ஒன்று செயல்படாதவரை, நிற்கும் பொருள் நின்றுகொண்டே இருக்கும்" என்று முதல் விதியை மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். "கமா விட்டுட்டே" என்பார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் படுத்திருக்கும் கோலத்தைப் பார்த்தவர்களுக்கு முதல் விதி புரிய புத்தகமே வேண்டாம். எங்கள் வீட்டில் வெளிவிசை நான்தான். சிரிக்காதீர்கள் தாய்மார்களே, உங்கள் வீட்டு வெளிவிசை யார் என்று எனக்குத் தெரியாதா?

முதல் ஆண்டுத் தேர்வில் நான் உங்களிடம் கேட்ட இதே கேள்வி வந்தது. "மேலே போகும்" என்று எழுதினேன். காரணம் கூறுக என்று கேட்டிருந்தார்கள். "எப்போதும் அப்படித்தான் போகும்" என்று எழுதினேன். தோல்வி! இரண்டாம் ஆண்டும் அதே கேள்வி. கொஞ்சம் கௌரவமாக, "என் அனுபவம்" என்று எழுதினேன். மறுபடியும் தோல்வி! விடைத்தாளைத் திருத்திய தேர்வாளர் ஓரத்தில் எழுதியிருந்தார்: "பழக்கம் இயற்பியல் விதி ஆகாது."

யார் அந்தத் தேர்வாளர்? யார் அந்தக் கல்நெஞ்சர்? இதோ, மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கும் நம் தலைவர்தான்! கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்.

மூன்றாம் ஆண்டு, கடைசி வாய்ப்பு, இந்த முறை வாய்மொழித் தேர்வு. மூன்று மணிக்கு, ஐந்தாவது மாடியில். என்னோடு வேலை பார்க்கும் கிரீஸ் அண்ணனையும் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒன்றரை மணிக்கே போய்விட்டேன். அந்தக் கட்டடத்து லிஃப்டும் எங்கள் பராமரிப்பில் இருப்பதுதான். கேள்விக் கட்டோடு தேர்வாளர் ஏறினார். நான்காம் மாடி தாண்டியதும், டக்! நின்றது லிஃப்ட், நின்றது என் மூச்சு.

உச்சியிலுள்ள இயந்திர அறைக்கு ஓடினோம். மின்சாரத்தை நிறுத்தினோம். மின்கோளாறால் மோட்டார் அன்று ஓடுகிற நிலையில் இல்லை. கிரீஸ் அண்ணன் கைச்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். நான் பிரேக் நெம்புகோலில் கை வைத்தபடி, லிஃப்டுக்குள் இருக்கும் போனுக்குக் கூப்பிட்டுப் பேசினேன்.

"சார், பயப்படாதீங்க. பிரேக்கை லேசா விடப்போறேன்."

"விடாதே! விழுந்துடுவேன்!"

"விழ மாட்டீங்க சார். மேல வருவீங்க."

"எப்படிச் சொல்றே?"

பழக்க தோஷம், என் வாய் சும்மா இருக்குமா? "எப்பவும் அப்படித்தான் சார் போகும்" என்றேன்.

"அந்தப் பதிலுக்கு நான் மார்க்கே போடலை, உயிரைக் குடுப்பேனா? காரணம் சொல்லு! சொல்லாம பிரேக்கைத் தொட்டே, நடக்கிறது வேற!"

சபையோரே, எண்ணிப் பாருங்கள்! முப்பது ஆண்டுகள் அந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டவர். கூப்பிட்டால் தூக்கத்திலும் விடை சொல்லக் கூடியவர். ஆனால் கணக்குக்கு வெளியே நின்று போடுவது வேறு, கணக்குக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நிற்பது வேறு. பாவம், அவருக்கு எல்லாம் மறந்துபோயிற்று.

கிரீஸ் அண்ணன் காதைக் கடித்தார்: "ஏம்மா, காரணமும் வேணாம் ஒண்ணும் வேணாம், விட்டுடு. வந்த பிறகு திட்டட்டும்."

விட்டிருக்கலாம். விடவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்தேன். சுவரில் ஒரு கயிறு வரைந்தேன்.

"சார், கயிற்றுக்கு இந்தப் பக்கம் லிஃப்ட் பெட்டி, எண்ணூறு கிலோ. அந்தப் பக்கம் இரும்புக் கட்டை, எதிர் எடை, ஆயிரத்து இருநூறு. ஏறக்கூடிய ஆளுங்கள்ல பாதிப் பேர் ஏறினா ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்னு அப்படி வச்சிருக்காங்க. உங்க எடை எவ்வளவு சார்?"

"எழுபத்தஞ்சு."

"சார், இது உயிர் விஷயம்."

"...தொண்ணூறு."

தலைவர் இப்போது எண்பத்தெட்டு என்கிறார். திருத்திக்கொள்கிறேன்!

"உங்க பக்கம் எண்ணூத்தித் தொண்ணூறு. அந்தப் பக்கம் முந்நூத்திப் பத்து கிலோ கூட. அது கீழ இறங்கும், நீங்க மேல ஏறுவீங்க."

"முடுக்கம்?" போனில் குரல் கொஞ்சம் தேறியிருந்தது.

வியர்வை வழிய வகுத்தேன். முந்நூற்றுப் பத்தை ஒன்பது புள்ளி எட்டால் பெருக்கி, இரண்டு பக்கத்து மொத்தமான இரண்டாயிரத்துத் தொண்ணூறால் வகுத்து... "ஒன்றரைக்குக் கொஞ்சம் கம்மி சார்."

"உராய்வை விட்டுட்டியே!"

"உராய்வு நம்ம கட்சி சார். அது இருந்தா இன்னும் மெதுவாத்தான் போகும். நானும் விட்டு விட்டுப் பிடிப்பேன்."

மெல்லிய குரலில், "சரிம்மா. விடு" என்றார்.

தோழர்களே! பதினாறு ஆண்டுகளில் எத்தனை முறை அந்த நெம்புகோலை இழுத்திருப்பேன்? ஒருமுறையாவது கை நடுங்கியதா? இல்லை. அன்று நடுங்கியது. ஏன் நடுங்கியது? கயிற்றின் இந்தப் பக்கம் எவ்வளவு, அந்தப் பக்கம் எவ்வளவு, நடுவில் என் கை எதைத் தாங்கி நிற்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தெரியாமல் இழுத்த காலத்தில் நான் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது தைரியமே இல்லை, அறியாமை!

இழுத்தேன். லிஃப்ட் அங்குலம் அங்குலமாக மேலேறி ஐந்தாவது மாடியில் நின்றது. கதவைத் திறந்தேன். தலைமுடி கலைந்து, கேள்விக் கட்டைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். நன்றி சொன்னாரா? இல்லை! "அந்த எதிர் எடையைக் காட்டு" என்றார். படி ஏறி வந்து, கிரீஸ் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "முப்பது வருஷமா படத்துல வரைஞ்சேன். இப்பத்தாம்மா கண்ணால பாக்கறேன்" என்றார். அந்தப் பணிவுக்காகவே அவரை இந்த மேடையில் வணங்குகிறேன்.

மூன்று மணிக்குத் தேர்வு. "முதல் கேள்விக்குப் பதில் வாங்கியாச்சு. உயிரோட உட்கார்ந்திருக்கேன், முழு மார்க். அடுத்தது" என்றவர், ஈவிரக்கமில்லாமல் இன்னும் ஒன்பது கேள்விகள் கேட்டார். பத்துக்கு ஏழு வாங்கினேன். சான்றிதழை நீட்டியபோது அழுதுவிட்டேன். என் கணவர் அதையும் வாங்கிக் கமா பார்த்தார்.

இன்று வகுப்பில் சேரும் என் அருமைத் தோழர்களே! எந்தப் பக்கம் போகும் என்பது உங்கள் கைக்குத் தெரியும். ஏன் போகும் என்று கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள், விடாமல் கேளுங்கள், விடை வரும்வரை கேளுங்கள்! உள்ளே நிற்கும் ஒருவர் உங்கள் வார்த்தையை நம்பித் தன் உயிரை ஒப்படைக்கும் நாள் ஒன்று வரும். அன்று அவரிடம் சொல்ல உங்களிடம் ஒரு காரணம் இருக்க வேண்டும்.

இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட சபைக்கும், என்னை முறைத்துக்கொண்டே சிரிக்கும் தலைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நீங்கள் ஏறும் லிஃப்ட் எல்லாம் நீங்கள் கேட்ட மாடியிலேயே நிற்கட்டும். வணக்கம்!