கவசத்தில் விழுந்த வெளிச்சம்

ராத்திரி ஒன்றே முக்கால். தீவுக்குப் போகும் பாலத்தில் ஈ காக்கை இல்லை. கம்பெனி வேனில் கார்மேகம் மட்டும்... ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டு, திட்டிக்கொண்டு போகிறார்.

கார்மேகம் யார் என்றால், இதோ போர்வைக்குள் உட்கார்ந்திருக்கிறானே விஜயபாஸ்கர், இவன் அக்கா சந்தியாவின் வீட்டுக்காரர். இங்கே அபுதாபியில் நம் முசஃபா லேபர் கேம்ப்தான். அந்தத் தீவு மியூசியத்தில் படங்களுக்கு லைட் பொருத்தும் வேலை. பெண் பிறந்து பதினொரு மாதம், ஃபோனில் பார்த்ததோடு சரி. காதுகுத்துக்கு இரண்டு முறை நாள் குறித்து, இரண்டு முறையும் லீவு ரத்து. மூன்றாவது, இந்த வெள்ளிக்கிழமை.

அப்போதுதான் அந்தப் படம் வந்து தொலைந்தது. ஐந்நூறு வருஷத்துப் படம். ஜெர்மனியில் ஏதோ பெரிய வீட்டு மனிதனாம். சிவப்புத் தாடி, கறுப்பு இரும்புக் கவசம். மார்பில் மட்டும் ஜன்னல் வெளிச்சம் விழுந்தது போல ஒரு வெள்ளைப் பளபளப்பு. கண் கூசுகிறது, லைட்டைச் சரிசெய் என்றான் சூப்பர்வைசர்.

"சார், அது நம்ம லைட் இல்ல... வரைஞ்சே வச்சிருக்காங்க."

கேட்டால்தானே! "அது போற வரைக்கும் லீவு மாஃபி!" லீவு கிடையாதாம்.

வயிறு எரியுமா, எரியாதா? நீங்களே சொல்லுங்கள்.

அன்று ராத்திரிதான் பாலம் தாண்டிப் போய், எல்லா லைட்டையும் அணைத்துப் பார்த்தார். கும்மிருட்டு. ஏ.சி. குளிரில் துரு வாசனை... அந்த வெள்ளை மட்டும் அப்படியே மின்னியது.

ஏணியில் ஏறினார். மூக்கு உரசும் தூரம். ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

"யோவ்! அந்த ஜன்னல யாரையாச்சும் விட்டு மறைச்சுத் தொலையேன்யா! எம் புள்ளையப் பாக்கணும்யா!"

க்ரீச்... இரும்போடு இரும்பு உரசும் சத்தம். ஒரே தடவை.

பளபளப்பு அணைந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தார். கவசத்துக்குள், அந்த ஜன்னலை மறைத்துக்கொண்டு விரல் நகம் அளவுக்கு ஓர் ஆள். ஏணிமேல் நிற்கிறான், கையில் டார்ச்சோடு. கார்மேகம் டார்ச்சை அணைத்து, ஏணியை மடக்கிவிட்டார். வெளியே சொன்னால் லீவு போய்விடுமே!

காலையில் சூப்பர்வைசர் தூரத்தில் நின்றே பார்த்தான். "கலாஸ், வேலை முடிஞ்சுது. யல்லா, ஊருக்குப் போ."

வெள்ளிக்கிழமை, ஊர்க் கோயிலில் தாய்மாமன் இவன் மடியில்தான் காதுகுத்து. குழந்தை வீறிட்டது. யார் தூக்கியும் அடங்கவில்லை. கார்மேகம் வாங்கி நெஞ்சோடு அணைத்தார், அடங்கிவிட்டது. அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"தோடு பாரு தங்கம்..." சந்தியா கைக்கண்ணாடியை நீட்டினாள். கார்மேகத்தின் தோளுக்குப் பின்னாலிருந்து இவனும் எட்டிப் பார்த்தான்.

"போதும், விடுய்யா..." என்கிறான் பாருங்கள். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்கிறான்.

கண்ணாடியில் இவன் இருந்தான். கோயில் மணி இருந்தது. குழந்தை சிரித்தது... பிடிக்க ஒரு கை இல்லாமல், அந்தரத்தில்.