எழுதாத மெயிலுக்கு வந்த பதில்

கம்பத்திலிருந்து காமயகவுண்டன்பட்டி போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னது காதில் விழுந்தது.

“நான் எழுதாத மெயிலுக்கு துபாய்ல இருந்து அவுக பதில் போட்டிருக்காக, மதினி.”

“என்னன்னு?”

“‘நீ வரவேணாம்னு எழுதிட்ட, லீவைக் கேன்சல் பண்ணிட்டேன்’னு.”

“ஆத்தாடி! பிரவுசிங் சென்டர்ல சைன் அவுட் பண்ணாம வந்துட்டியா?”

“பண்ணிட்டுத்தேன் வந்தேன். யாரோ என் பாஸ்வேர்டு போட்டு உள்ள போயிருக்காக. நேத்தே மாத்திட்டேன்.”

“முந்தி புள்ள பேருதான வச்சிருந்த? இப்ப என்ன வச்சிருக்க?”

“சொல்ல மாட்டேன், மதினி.”

“எங்கிட்டக்கூடவா?”

“முந்தினதை உங்ககிட்ட மட்டுந்தேன் சொல்லியிருந்தேன்.”

கண்டக்டர் வந்தார். அவரவர் டிக்கெட்டை அவரவரே எடுத்தார்கள்.