தாயிருந்த மேடு

இந்தக் கண்மாய்க்குக் கரை போடாத காலம். ஊருக்குப் பேரும் கெடையாது. நாலு குடிசை, ஒரு ஆட்டுக்கிடை, அம்புட்டுத்தான். அந்தக் கிடையில மாயழகின்னு ஒரு மருமக இருந்தாளாம்.

மழை பொய்ச்ச வருசமாம். ஆட்டுக்குக் கடிக்கப் புல்லு இல்ல. மந்தையை ஓட்டிக்கிட்டு ஆத்துப் பக்கம் போயிருவோம்னு மாமனாரு வெள்ளையக்கோனாரு சொல்லிட்டாரு. அந்த நேரம் பாத்து காவல்நாய் செவலை குட்டி போட்டிருக்கு. மத்ததெல்லாம் கொழுகொழுன்னு இருக்கு. கடைசியா விழுந்தது மட்டும் எலிக்குஞ்சு கணக்கா. மடியைத் தேடிப் போகவும் தெம்பில்ல.

எடுக்கவா, விடவா? மாயழகிக்கு அதே நெனப்பு. இடுப்புல பிள்ளை, தலையில நாய்க்குட்டிக் கூடை. எடுக்கவா, விடவா? மடியில வச்சுக்கிறலாமேன்னு நீங்க லேசாச் சொல்லிருவீங்க. அவளும் வச்சா. மாமனாரு பாத்துட்டாரு.

"சாகக் கெடக்குறதை மந்தையோட கொண்டுபோனா, சாவு மந்தைக்குள்ள ஏறிரும் தாயி. எறக்கி விடு."

அந்தக் காலத்து ஆட்டுக்காரங்க நம்பிக்கை அது. புருசன் மொகத்தைப் பாத்தா. அவன் தரையைப் பாத்தான். யாரு இருக்கா அவளுக்கு? கிடையை ஒட்டுன மேட்டுல, ஒடைன்னு ஒரு முள்ளுமர நெழல்ல எறக்கி விட்டா. அது கண்ணு தொறக்காமலே அவ விரலைச் சப்புச்சாம். பாவி மக, விரலை உருவிக்கிட்டு நடந்தா. வேற என்ன செய்வா?

குட்டிக கூடையில இருக்கு, தாய் பின்னாலயே வந்துரும்னு கணக்குப் போட்டாக. செவலையும் ஓடை வரைக்கும் வந்துச்சாம். அங்கன நின்னுச்சு. கூடையை மோந்து பாத்துச்சு. வந்த வழியே திரும்பிருச்சு. சீட்டி அடிச்சும் வரல. ஆடு தண்ணிக்குத் தவிக்குது, தேடிப்போக முடியுமா?

காவல் இல்லாத மந்தையில நரி பூந்துச்சு. விடியையில ஆட்டுக்குட்டி பாதி இல்ல. கூடையில இருந்த நாய்க்குட்டிகளுக்கு மாயழகி ஆட்டுப்பாலைத் துணியில நனைச்சு நனைச்சு வச்சா. சப்பும், விட்டுரும். ஆத்துப் பக்கம் போய்ச் சேரும்போது கூடை காலியாம். மாமனாரு மந்தையைத்தான் பாத்தாராம், கூடையைப் பாக்கலையாம்.

மழை பேஞ்சு திரும்பி வந்தா, மேட்டுல செவலை படுத்திருக்கு. எலும்பும் தோலும். இவளைக் கண்டு வாலை ஆட்டுச்சு, எந்திரிக்கல. அது பக்கத்துல ஒரு எளநாய். அந்தக் கடைக்குட்டிதான்! தூக்கிட்டுப் போனதெல்லாம் போயிருச்சு, விட்டுட்டுப் போனது நிக்குது. இவளைப் பாத்துக் குலைக்குது, கிட்ட விடல.

பாலை வச்சா. தொடல. "நான் உன்னைப் பாக்கல, நீ குடி"ன்னு திரும்பி நின்னு அழுதாளாம். அப்பறந்தான் குடிச்சுச்சாம்.

அதுலருந்து அது தாயிருந்த மேடு. ஊருக்கும் அதே பேரு. இன்னைக்கும் இங்க நாய்க்குட்டி எடுக்கப் போனா, மொதல்ல கடைக்குட்டிக்குப் பாலை வச்சுட்டு, மொகத்தைத் திருப்பிக்கிட்டு நிப்பாக. குடிச்சுட்டு அது நம்ம காலைத் தேடி வந்தா, அதைத்தான் எடுக்கணும். வரலேன்னா வெறுங்கையோட திரும்பணும்.

மாயழகி சாகுற மட்டும் பாலு வச்சா. குடிச்சுச்சே தவிர, அது அவ காலைத் தேடி வரவே இல்லையாம்.