மாமா காரில் கருகிய ஆம்பு

காண்ட்ராக்ட் வேலை கேட்டு நெய்வேலிக்கு பஸ்ஸில் நின்றபடி போனேன். பக்கத்து சீட்டில் இருவர். மூத்தவர் மடியில் கருகல் நாற்றத்துடன் ஒரு கார் ஆம்ப்ளிஃபயர்.

“ஸ்பீக்கர் ஓம்ஸ் கொறைச்சலா இருந்தா கரண்ட்ட அதிகமா இழுக்கும், ஆனா பாட்டு ஓடுனா ஓம்ஸ் ஏறிக்கும், ஆம்பு தாங்கும்னு நீதானடா சொன்ன?” என்றார்.

இளையவர் தயங்கினார். “ஏறும்ணே. ஆனா ஓட்டை வெச்ச ஸ்பீக்கர் பெட்டின்னா, அது நல்லா அதிர்ற அந்த ஒரு சத்தத்துக்கு மட்டும் ஏறாது.”

“அந்தச் சத்தத்தையேதான்டா திரும்பத் திரும்ப வுட்டுகினு இருந்தேன். கண்ணாடியெல்லாம் ஆடுச்சி.”

“மாமாவுக்குத் தெரியுமா? அவரு காராச்சே.”

“தெரிஞ்சா எங்க அக்காவத்தான் திட்டுவாரு.”

போன் அடித்தது. மூத்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

“ஷிப்ட் முடிஞ்சிதா மாமா? வூட்டுக்குப் போயி வண்டில பாட்டு போட்டுடாதீங்க. நம்ம தெருவுல ஒரு சாவு.”

அவர் போனை வைத்ததும் இளையவர் கேட்டார்: “யாருண்ணே செத்தது?”

“அதத்தான் யோசிச்சிகினு இருக்கேன்.”