சேற்றைப் பற்றிக் கேட்கிறார்கள்

அவைக்குத் தலைமை தாங்கும் ஏரம்பமூர்த்தி அவர்களே, முன்வரிசையில் கம்பளி போர்த்தி அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் உறங்கவிட்டுச் செவிகளை மேடைக்குத் தந்த தாய்மார்களே, ஞாயிறுதோறும் எனக்கு எழுத்தறிவித்த செல்வநாயகி ரீச்சர் அவர்களே, இந்நகரின் ஏவன்டேல், பாபகூராப் பக்கங்களிலிருந்து வந்த என் உறவுகளே, வணக்கம்.

இந்தத் தாளில் இருப்பது என் கையெழுத்து. அறுபத்தெட்டு வயதில் நானே எழுதியதை நானே வாசிக்கிறேன். இந்த இன்பத்துக்கு ஈடில்லை. நம் சங்கத்தின் ஆண்டு விழா வாழ்த்தாகத்தான் தொடங்கினேன். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு என் பேனா வாழ்த்தை விட்டு அச்சத்தை எழுதியது.

என்ன அச்சம்? சொல்கிறேன்.

நகரத்தின் பெரிய அலுவலகம் ஒன்று, கழிமுகச் சேற்றுக்கு அடியில் ஐந்து மைல் நீளத்துக்குக் கழிவுநீர்க் குழாய் புதைக்கப் போகிறது. வேலையை ஏலம் கேட்கும் ரெண்டர் பத்திரத்தை எழுதுவதற்கு முன்பே, தோண்டுகிறவர்களை எல்லாம் அழைத்துத் தேநீர் கொடுத்து, படத்தை விரித்து, "இதில் உங்களைப் பயமுறுத்துவது என்ன?" என்று கேட்கிறார்கள். கேட்டது யார்? படம் கீறிய எஞ்சினியரே.

செவ்வாய்க்கிழமை நம் யேசுராசா போனார். பதினொரு பெடியளுக்கு வேலை கொடுக்கும் சிறு கொம்பனி அவருடையது. அவர் குழிகளில் நின்று சேறு தெரிந்தவன் என்று என்னையும் கூட்டிப் போனார். படத்தில் இருபதடி வரைக்கும் இறுகிய களிமண் என்று இருந்தது. அது பொய்க்களி, அன்பர்களே. போன மாரியில் அதே கரையில் வீட்டுக் குழாய்க்காக எட்டடிதான் தோண்டினோம். மேலே களி, கீழே கஞ்சி. குழிச்சுவரைத் தாங்கிய அடைப்புப் பலகை வளைந்தது. நம் பெடியன் தவராசா நெஞ்சளவுக்குப் புதைந்தான். அவனை இழுத்தெடுக்க நாற்பது நிமிடம். அதோ, பின்வரிசையில் தலையைக் குனிகிறான் பாருங்கள்.

எஞ்சினியர் கேட்டார். யேசுராசா என்ன சொன்னார்? "எல்லாம் நல்லாயிருக்கு, சேர்."

வெளியே வந்ததும் அவர் சட்டையைப் பிடித்தேன். "ஏன் தம்பி சொல்லேல்ல?"

"பெரியவர் கீறின படத்தில பிழையெண்டு சொன்னா, வேலை தருவினமே அண்ணை? அதோட, நாங்கள் தோண்டுற விதத்தைச் சொன்னா, மற்றக் கொம்பனிக்காரன் காதில விழுந்திடும்."

"தோண்டுற விதத்தை நீ வச்சிரு. சேறு இருக்கெண்டதைச் சொல்லு. குழிக்குள்ள இறங்கப் போறது ஆர்?"

"எங்கட பெடியள்தான்."

அவர் கோழையா? இல்லை. நாம் ஓடி வந்து நான்கு ஆண்டுகள். விட்டு வந்த இடத்தில் அதிகாரி அழைத்துக் கருத்துக் கேட்டால் என்ன பொருள்? கருத்துச் சொன்னவன் வீடு திரும்பினானா? தலையை ஆட்டியே தப்பியவர்கள் நாம். அந்த ஆட்டத்தை இங்கேயும் ஆடுகிறோம். இங்கே அது நம்மைப் புதைக்கும்.

யார் அது, இடப்பக்கம்? "விசாவைப் பறிச்சுப் போடுவாங்கள்" என்கிறீர்களா? ஐயா, எனக்கும் அதே பயம். ஆனால் நாள் நகர்கிறது. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடைசிக் கூட்டம். அதற்குப் பிறகு படம் பத்திரமாகும், பத்திரம் ஒப்பந்தமாகும், ஒப்பந்தம் குழியாகும். குழிக்குள் நின்று கூப்பிட்டால் யார் கேட்பார்? கேட்கிறபோது பேசாத நாம், கேட்காதபோது கத்தி என்ன காண்போம்?

யேசுராசா, எழும்ப வேண்டாம். கேள்வி மட்டும்: போவீரா?

என்ன டோறின், கணவனுக்கு முன்னால் நீர் எழும்புகிறீர்? சத்தமாய்ச் சொல்லும்.

"இவர் போவார், மாமா. இவர் வாய் திறக்காட்டி நான் திறப்பன். எங்கட தம்பியும் அந்தப் பதினொண்டில ஒருத்தன்."

கேட்டீர்களா? சிரிக்காதீர்கள், தம்பிக்காகப் பேசுகிறார். தவராசாவும் எழும்பிவிட்டான். எவ்வளவு ஆழம் புதைந்தான் என்று வியாழக்கிழமை எஞ்சினியருக்கு அவனே நெஞ்சைத் தொட்டுக் காட்டட்டும். அதற்கு இங்கிலீசு வேண்டாம்.

அச்சம் நீங்கிவிட்டது என்று நான் பொய் எழுதவில்லை. அச்சத்தையும் கூட்டிக்கொண்டே போவோம்; எஞ்சினியர் கேட்டதே அதைத்தானே.

பொறுமையோடு கேட்ட சபைக்கு நன்றி. வியாழன் காலை வரக்கூடியவர்கள் வாருங்கள். எல்லோருக்கும் இந்தக் கிழவனின் கைகூப்பு.