மகள் பெயரில் வந்த ரிப்போர்ட்

மடவளைக்குப் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஓர் அக்காவும் தங்கையும். அக்கா சாதாரணமாகத்தான் சொன்னார்.

“மகளுக்குப் பதிலா நான்தான் துப்பின.”

“என்னத்துல தாத்தா?” என்றார் தங்கை; அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா.

“லண்டன் மாப்பிள்ளை அனுப்பின குப்பியில. எச்சில வெச்சு என்ன நோய் வருமெண்டு சொல்றாங்களாம். கூரியர்காரன் வாசல்ல நிக்கிறான். மகள் நோம்பு, வாய் காஞ்சு எச்சில் வரல்ல. எனக்குச் சீனி வருத்தம், மருந்து எடுக்கிறதால நோம்பு இல்ல. தாயும் மகளும் ஒண்டுதானேண்டு துப்பிக் குடுத்தேன்.”

“பொறகு?”

“மார்புல கேன்சர் வரக்கூடிய ரத்தமாம். மாப்பிள்ளை வீட்டுல கலியாணத்த நிப்பாட்டிட்டாங்க.”

தங்கையின் குரல் மாறியது. “அப்ப அது ஒங்கட ரிப்போர்ட். டாக்டருக்குக் காட்டினீங்களா?”

“எனக்கெதுக்கு? அதுல மகள்ட பேர்தானே போட்டிருக்கு.”

அக்கா நிறுத்தவில்லை.

“அவதான் பாவம், மாப்பிள்ளைய நெனச்சு ரெண்டு நாளாச் சாப்பிடாம அழுறா.”

“துப்பினது நீங்கண்டு அவவுக்குத் தெரியுமா?”

“தெரியாம? குப்பிய மூடிக் குடுத்ததே அவதானே.”

தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப அவ அழுறது மாப்பிள்ளைக்காக இல்ல, தாத்தா.”