காற்றுக்கு அணையாத உலை

உங்கள் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் அடுப்பு மஞ்சளாக எரிகிறது, மேடம். வரும்போதே பார்த்தேன். பாத்திரத்தின் அடியில் கரி ஏறியிருக்கும். பர்னரைக் கழற்றி மெல்லிய கம்பியால் துளைகளைக் குத்திவிட்டால் நீலம் வந்துவிடும். ஐந்து நிமிட வேலை. திரும்பிப் போகும்போது நானே செய்து கொடுத்திருப்பேன். இனி நீங்கள் வேறு யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

சரி, தொடங்குகிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் கோமதிசங்கர். வயது ஐம்பத்து நான்கு. தென்காசிப் பெரிய கோயிலுக்குப் பின்புறம் கேஸ் அடுப்பு பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இருபத்தெட்டு வருடமாயிற்று. குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்தால் ஹோட்டல் அடுப்பு, லாட்ஜ் கேஸ் கீசர் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் கைவைத்த அடுப்பு மறுபடி பழுதாகி வந்ததாக ஒருவரும் சொல்லமாட்டார்கள். நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

பாண்டியராஜின் கொல்லுப்பட்டறை இலஞ்சியில், குற்றாலம் ரோட்டில், அகமது கபீரின் டீக்கடைக்கு நேர் எதிரே. அருவாள், தேங்காய் வெட்டும் கத்தி, மண்வெட்டி எல்லாம் அடிப்பான். என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவன். நல்லவன். வேலை செய்யும்போது சர்ச் பாட்டுப் பாடுவான். குரல்தான் சுமார்.

போன வருடம் அவன் பட்டறைக்குப் பக்கத்து வீட்டைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். கரிப்புகை தாங்கவில்லை என்று புகார் வந்தது. பாண்டியராஜ் என்னைத் தேடி வந்தான். கையில் போன். அதில் ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டுக் கொட்டகையில் கேஸ் உலை கட்டி, பத்து நிமிடத்தில் இரும்பைப் பழுக்க வைக்கிறார்.

"அண்ணாச்சி, புரோபேன்னு சொல்லுதான். நம்ம கடை சிலிண்டர்ல இது ஆகுமா?"

"ஆகும்."

"நீங்க ஆகும்னா ஆயிரும். நாளைக்கே வந்துருங்க."

மார்ச் மாதம் முழுக்க அந்த உலையைக் கட்டினேன். பழைய கம்ப்ரசர் தொட்டி ஒன்றை அறுத்து உடம்பாக்கினேன். உள்ளே சூடு தாங்கும் வெள்ளைப் பஞ்சு, அதன்மேல் சூளைமண் பூச்சு. பர்னர் இரண்டையும் நானே கடைந்தேன். மோட்டார் கிடையாது, ஊதுகுழல் கிடையாது. கேஸ் பாயும் வேகத்தில் அதுவே காற்றை இழுத்துக்கொள்ளும். சிலிண்டர்களைப் பட்டறைக்கு வெளியே தகரக் கூண்டில் வைத்தேன். பற்றவைத்த அன்று அதன் சத்தம் ஒரே சீராக, தூரத்தில் அருவி விழுவதுபோல இருந்தது. அவன் மனைவி சுகிர்தம் சிலுவை போட்டுக் கும்பிட்டாள். நான் கூலி கேட்கவில்லை. சில வேலைகளுக்குக் கேட்கத் தோன்றாது.

பட்டறைக் கூரையில் கரிப்புகை போக ஒரு திறப்பு. மேற்குச் சுவரில் ஒரு பெரிய கம்பி ஜன்னல். அதன் பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் நானே எழுதினேன்: 'உலை எரியும்போது ஜன்னலையும் மேல் திறப்பையும் அடைக்காதே.' நான் கீசர் மாட்டும் இடங்களிலெல்லாம் இப்படி எழுதுவேன். மூன்று வருடம் முன்பு குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் குளியலறையில் ஒரு கல்லூரிப் பையன் இறந்துகிடந்தான். கீசர் வேறு யாரோ மாட்டியது. காயம் இல்லை, புகை இல்லை, வாசனை இல்லை. ஒன்றுமே புரியாமல் உங்களுக்கு முன்பிருந்த இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார். அடைத்த அறையில் கேஸ் எரிந்தால் காற்று எப்படி விஷமாக மாறும் என்று அவருக்கு விளக்கியவன் நான்தான். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

ஜூனில் சாரல் தொடங்கியது. அதே வாரம் பண்பொழிப் பக்கத்து மாடன் கோயில்காரர்கள் ஆடிக் கொடைத் திருவிழாவுக்காக நேர்ச்சை அருவாள் மூன்று கேட்டு வந்தார்கள். ஒவ்வொன்றும் ஏழடி. அத்தனை நீளம் என் உலைக்குள் அடங்காது. பின்பக்கமும் ஒரு வாய் வெட்டினேன். முன்னால் விட்டுப் பின்னால் இழுத்து, துண்டு துண்டாகப் பழுக்க வைக்கலாம்.

வெட்டியபோது மேற்குக் காற்றை நினைக்கவில்லை. அது என் தவறு. ஒத்துக்கொள்கிறேன்.

கோயில்காரர்கள் வேலையைப் பார்க்க வந்த அன்று மலைக் கணவாய் வழியே வரும் மேற்குக் காற்று நேராக ஜன்னலில் புகுந்து, உலையின் ஒரு வாயில் நுழைந்து மறுவாயில் வெளியேறியது. சுடர் சுருங்கியது, விரிந்தது, சுருங்கியது, அணைந்தது. மறுபடி பற்றவைத்தேன். அணைந்தது. மூன்றாவது முறையும். கோயில் தலைவர் மாடக்கண்ணு, பத்துப் பேர், ரோட்டில் நின்றவர்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாண்டியராஜ் சிரித்தான்.

"பாத்தியளா, கோமதி அண்ணாச்சி அடுப்பு ரோட்டுல போற பொம்பளையப் பாத்துக் கண்ணடிக்குது. செஞ்ச ஆளு புத்தி அடுப்புக்கும் வந்துட்டு."

"அண்ணாச்சிக்கு இந்த வயசுலயா?" என்றார் மாடக்கண்ணு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படித்தான் செய்யவேண்டும்.

மறுநாள் கபீர் பாய் டீயை நீட்டிக்கொண்டே கேட்டார், "ஃபேனைப் போடவா அண்ணாச்சி, இல்ல நீங்க அணைஞ்சிருவியளா?" மூன்றாம் நாள் குற்றாலத்தில் ஒரு ஹோட்டல் சமையற்கட்டில், நான் முன்பின் பார்த்திராத ஒருவன் என்னைக் கண்டதும் ஒரு கண்ணை மூடித் திறந்தான். இலஞ்சியிலிருந்து அந்தச் சமையற்கட்டுக்கு அந்தப் பேச்சு மூன்று நாளில் போயிருக்கிறது.

நேற்று நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள், இதனால் உனக்கு என்ன நஷ்டம் என்று. நஷ்டம் ஒன்றும் இல்லை. வேலை குறையவில்லை. யாரும் மரியாதை குறைத்துப் பேசவில்லை. பாண்டியராஜ் மன்னிப்புக் கேட்டிருந்தால் விட்டிருப்பாயா என்றும் கேட்டீர்கள். அவன் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை என் கடைக்கே வந்து, "வெளையாட்டுக்குச் சொன்னேன் அண்ணாச்சி, மனசுல வைக்காதிய" என்றான். தான் அடித்த ஒரு பேனாக்கத்தியைக் கொடுத்தான். வேலைப்பாடு நன்றாக இருந்தது. இப்போதும் என் மேஜையில் இருக்கும்.

ஆனால் அடுப்பு அணைந்தது அணைந்ததுதானே. மன்னிப்பு அதைச் சரிசெய்யாது. அடுப்பைத்தான் சரிசெய்ய வேண்டும்.

அந்த வாரமே மேற்கு ஜன்னலுக்குத் தகரம் அடித்தேன். தகரம் கொஞ்சம் பெரியது. சுவரில் இருந்த சிவப்பு எழுத்து அதற்குள் மறைந்தது. மறைத்தேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும். அடுத்து கூரை. கரி உலைக்காக வைத்த மேல் திறப்பு வழியாகச் சாரல் தூறி, பழுத்த இரும்பில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. தண்ணீர் பட்டால் அருவாளின் கூர்ப்பகுதி வெடித்துவிடும் என்று அவன் கவலைப்பட்டான்.

"கரியும் இல்ல, புகையும் இல்ல. அந்த ஓட்டை எதுக்கு அண்ணாச்சி இனி?" என்றான்.

கொல்லர்கள் கண்ணால் நம்புகிறவர்கள், மேடம். அப்பா காலத்திலிருந்து புகையோடு இருந்தவன். புகை கண்ணைக் கரித்தால் வெளியே போய் நிற்பான். கரிக்காவிட்டால் நல்ல காற்று. அவ்வளவுதான் அவன் கணக்கு. என்னிடம் அவன் கேட்டது ஒரு கேள்வி. நான் பதில் சொல்லியிருக்கலாம். ஏணியைக் கொண்டுவரச் சொன்னேன்.

பட்டறைக்கு வேறு திறப்பு, ரோட்டைப் பார்த்த ஷட்டர் ஒன்றுதான். அது பாதி ஏறியிருக்கும்வரை ஒன்றும் ஆகவில்லை. சுடர் இப்போது அவ்வளவாக அலையவில்லை. ஆனால் சாயங்காலமானால் அவனுக்குத் தலை வலித்தது. நெற்றியில் தைலத்தைப் பூசி, துண்டைக் கட்டிக்கொண்டு டீக்கடைக்கு வருவான்.

"என்னலே, தலைக்கட்டு?" என்று கபீர் பாய் கேட்பார்.

"சாரல் ஒத்துக்கிட மாட்டேங்கு பாய். அருவில குளிக்காமலே தல கனக்கு."

இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஜூன், ஜூலையில் யாருக்குத் தலை வலித்தாலும் சாரல்தான் காரணம். ரோட்டுக்கு வந்து பத்து நிமிடம் நின்றால் அவனுக்குச் சரியாகிவிடும். அதையும் அவன் டீயினால் என்று நினைத்தான். அவன் என்னைப் பார்த்து, "நீங்க என்ன சொல்லுதிய அண்ணாச்சி?" என்றான்.

"சாரல்தான். காத்துப் படாம நல்லா அடைச்சிட்டு வேலை செய்யி" என்றேன்.

இந்த வழக்கில் நான் செய்தது பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியம்தான். மற்றதெல்லாம் தகர வேலை.

ஆடி மாதம் இரண்டாவது வியாழக்கிழமை. மூன்றாவது அருவாள் மட்டும் பாக்கி. மறுநாள் கோயிலுக்குப் போகவேண்டும். காலை பதினொரு மணிக்கு நான் போய் பர்னரைப் பார்த்து, நானே பற்றவைத்தேன். காற்று அன்று பேயாக அடித்தது. மழை சாய்ந்து ஷட்டருக்குக் கீழே உள்ளே தெறித்தது. சுடர் ஒருமுறை சுருங்கியது.

"அண்ணாச்சி, கண்ணடிக்கப் போவுது" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

"இல்லலே. ஷட்டரை முழுசா இறக்கிட்டுப் போறேன். ஒரே மூச்சுல முடிச்சிரு."

"இறக்கிட்டுப் போங்க. மதியத்துக்குள்ள முடிச்சிட்டு உங்களுக்குப் பரோட்டா வாங்கித் தாரேன்."

இறக்கினேன். தரையோடு படியும்வரை இறக்கினேன். பூட்டவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் தூக்கினால் ஏறிவிடும். பிறகு ரோட்டைக் கடந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன்.

சம்மட்டிச் சத்தம் தகரத்தைத் தாண்டிக் கேட்டது. அவன் அடியில் ஒரு தாளம் உண்டு: மூன்று பலமாக, ஒன்று பட்டறைக்கல்லில் சும்மா. பன்னிரண்டு மணிக்கு அந்தச் சும்மா அடி நின்றது. அப்புறம் இரண்டு பலமாக, கொஞ்ச நேரம் இடைவெளி. பிறகு ஒவ்வொன்றாக. பன்னிரண்டு இருபதுக்கு ஏதோ சரிந்ததுபோல ஒரு சத்தம். அது அருவாளாக இருக்கும் என்று நினைத்தேன். கபீர் பாய் அதற்குள் தொழுகைக்குக் கிளம்பிவிட்டார். "பாலைப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்துக்கொண்டேன். பொங்கவிடவில்லை.

பன்னிரண்டரைக்கு ஷாரோன் குடை பிடித்துக்கொண்டு வந்தாள். பாண்டியராஜின் மகள், காலேஜ் லீவில் இருந்தவள். கையில் சாப்பாட்டுக் கேரியர். ஷட்டர் இறங்கியிருந்ததைப் பார்த்து ரோட்டிலேயே நின்றாள். அங்கே ஷட்டர் இறங்கியிருந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். இருந்தாலும் ஒரு அடி அதை நோக்கி வைத்தாள்.

"அப்பா தென்காசிக்குப் போயிருக்கான்மா. இரும்பு எடுக்க" என்றேன்.

"இந்த மழையிலயா பெரியப்பா? உள்ள ஏதோ சத்தம் கேக்குத மாதிரி இருக்கே."

"மழைச் சத்தம். கேரியரை இங்கன வச்சிட்டுப் போ, நான் குடுக்கேன். நனையாத."

போய்விட்டாள். அவள் அந்த ஷட்டரைத் தூக்கி உள்ளே போயிருந்தால், அப்பாவை இழுக்கப் பார்த்திருப்பாள், அவளும் விழுந்திருப்பாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை. அவளைக் காப்பாற்றினேன் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் நடந்தது அதுதான். நேற்று அவள் இங்கே நின்று என்னைப் பார்த்த பார்வை எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. ஷட்டரைத் தூக்கியிருந்தாலே காற்றுப் புகுந்து அவனும் பிழைத்திருப்பான் என்கிறீர்கள். இருக்கலாம். பன்னிரண்டரைக்கு அவனுக்கு மூச்சு இருந்தது என்று டாக்டரும் சொல்கிறார் என்றீர்கள். அதையும் நான் மறுக்கவில்லை.

கேரியர் என் பக்கத்தில் இருந்தது. நெத்திலிக் குழம்பு வாசனை. கைவைத்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. அது ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு பத்துக்கு ஷட்டரைத் தூக்கினேன். அவன் பட்டறைக்கல்லின் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தான். முகம் சிவந்து, தூங்குகிறவன் மாதிரி. அந்தச் சிவப்பை லாட்ஜில் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். பிறகு நான் கூச்சல் போட்டது, ஆட்கள் வந்தது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கியது எல்லாம் உங்களிடம் இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள்: பாண்டியராஜைக் கொன்றது நான். விபத்து இல்லை. தெரிந்துதான் ஜன்னலையும் கூரையையும் அடைத்தேன், தெரிந்துதான் ஷட்டரை இறக்கினேன், தெரிந்துதான் அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பினேன்.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஒரு திருத்தம். உங்கள் அறிக்கையில் 'பழுதுள்ள கேஸ் உலை' என்று இருக்கிறது. அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள், மேடம். கோர்ட்டில் வாசிப்பார்கள், கோயில்காரர்கள் வந்திருப்பார்கள், மாடக்கண்ணு வந்திருப்பார். நான் ஷட்டரைத் தூக்கியபோது சுடர் கொஞ்சம் மஞ்சளாக இருந்தது உண்மை. அது அறையில் காற்று இல்லாததால். பர்னரின் குறை அல்ல. காலை பதினொன்றிலிருந்து மதியம் இரண்டு பத்துவரை, வெளியே அத்தனை காற்றிலும், அது ஒருமுறைகூட அணையவில்லை.